தாய்மாமன் காருக்குச் சிக்னல் பிடித்த கதை

ஒத்தப்பனைப்புதூரில் பனைமரம் கிடையாது. ஒன்றே ஒன்று இருந்தது. ஊர்ப் பெயர் எழுதிய பலகையை அது மறைக்கிறது என்று பஞ்சாயத்துக் கூடிப் பேசி வெட்டிவிட்டார்கள். இப்போது பலகை நன்றாகத் தெரிகிறது. அந்த ஊர்க்காரர்கள் எதையும் யோசிக்காமல் செய்பவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. நன்றாக யோசித்துத்தான் செய்வார்கள். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கும்.

அவர்களிடம் இன்னொரு நல்ல குணமும் உண்டு. சொன்ன சொல்லைத் தட்ட மாட்டார்கள். அதில் முதல் ஆள் தென்னந்தோப்பு வெள்ளியங்கிரி.

மூன்று வருடத்துக்கு முன்னால் அவருடைய தங்கை பூங்கொடி தன் மூத்த பையனுக்குக் காதுகுத்து வைத்திருந்தாள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். நேரம் ஆகிக்கொண்டே இருந்ததால், டவுன் பஸ் ஸ்டாண்டில் நின்றவருக்குப் போன் போட்டு, "யோசனை பண்ணிட்டு நிக்காதீங்கண்ணா, வர்ற பஸ்ஸுல ஏறி வந்துருங்க" என்றாள். அண்ணன் யோசனை பண்ணவில்லை. வந்த பஸ்ஸில் ஏறிவிட்டார். அது பழனி பஸ். தங்கை இருந்ததோ நேர் எதிர்த்திசையில். பழனியில் இறங்கியவர், வந்தது வந்தாயிற்று என்று முருகனைக் கும்பிட்டு, பஞ்சாமிர்தம் வாங்கிக்கொண்டு, பொழுது சாய்கிற நேரத்தில் தங்கை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். அதற்குள் யாரோ ஒன்றுவிட்ட மாமன் மடியில் பையனுக்குக் காது குத்தி, விருந்து முடிந்து, பந்திப்பாயையும் சுருட்டிவிட்டார்கள்.

அன்றோடு பூங்கொடி அண்ணனிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். தீபாவளிக்கு அவர் அனுப்பிய சேலை பிரிக்காமல் திரும்பி வந்தது. வெள்ளியங்கிரி அந்தப் பொட்டலத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டுத் தோப்புக்குப் போய்த் தனியாக அழுதார். இருப்பது ஒரே தங்கை. அந்த வெசனம் அவரை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

இப்போது பூங்கொடிக்கு இரண்டாவதாகப் பெண் குழந்தை. கரட்டுமேட்டுச் செல்லாண்டியம்மன் கோயிலில் காதுகுத்து என்று புருஷனிடம் சொல்லி அனுப்பியிருந்தாள். கூடவே இதையும் சொல்லச் சொன்னாளாம்: "உச்சிப் பொழுதுக்குள்ள மாமன் மடி வந்து சேரோணும். வரலைன்னா அப்பன் மடியில வெச்சே குத்திப்போடுவேன். அதுக்கப்பறம் எனக்கு அண்ணன்னு ஒருத்தர் இல்லவே இல்லை."

வெள்ளியங்கிரி அன்றைக்கே கார் வாங்குவது என்று முடிவு செய்தார். பஸ்ஸை இனி நம்பக்கூடாது. பெட்ரோல் காரும் வேண்டாம் என்றார். பெட்ரோல் பங்க் பழனி ரோட்டில் இருக்கிறது, அடிக்கடி அங்கே போனால் காருக்குப் பழனிக்கே போய்ப் பழகிவிடும் என்பது அவர் கணக்கு. அதனால் எலெக்ட்ரிக் கார் வாங்கினார்.

சாவியைக் கொடுக்கும்போது ஷோரூம் பையன் காருக்குள் இருந்த பெரிய திரையைக் காட்டி, "சார், எப்பவுமே இங்க பச்சை வந்து, இணைப்பு இருக்குன்னு காட்டினப்புறம் பயணம் கெளம்புங்க. இணைப்பு இல்லாம பயணம் கெளம்பாதீங்க" என்றான். அவன் எல்லோரிடமும் சொல்வதைத்தான் சொன்னான். எல்லோரும் கேட்டுவிட்டு மறந்துவிடுவார்கள். வெள்ளியங்கிரி மறப்பாரா.

டவுனில் பச்சை எரிந்தது. அவர் கிளம்பினார். வீட்டுக் கொட்டகையில் கொண்டுவந்து நிறுத்தியபோது சிவப்பு எரிந்தது. கிளம்புகிற நேரம் வரும்போது பச்சையாகிவிடும் என்று விட்டுவிட்டார்.

காதுகுத்து நாள் காலையில் அவர் மனைவி மயிலாத்தா பட்டுச்சேலை கட்டி, சீர்த்தட்டுகளோடு காரின் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். வெள்ளியங்கிரி பொத்தானை அழுத்தினார். கார் உயிர் பெற்றது. ஏசியில் சில்லென்று காற்று வந்தது. திரையில் சிவப்பாக, 'இணைப்பு இல்லை' என்று வந்தது. வெள்ளியங்கிரி பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டார்.

"ஏனுங், வண்டிதான் ஓடுதுங்களே" என்றாள் மயிலாத்தா.

"ஓடறது வேற, கெளம்பறது வேற" என்றார் வெள்ளியங்கிரி.

மயிலாத்தாவுக்கு அது நியாயமாகப் பட்டது. ஏசியைக் கொஞ்சம் கூட்டி வைக்கச் சொல்லிவிட்டுச் சாய்ந்துகொண்டாள்.

வெள்ளியங்கிரி ஆள் கூப்பிட்டு அனுப்பினார். இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் பங்காளி சென்னியப்பன், ஊரில் டிராக்டர் வைத்திருப்பவர். இன்னொருவன் மோட்டார் காயில் கட்டும் நாட்ராயன். கரண்டு சம்பந்தமாக ஊரில் இரண்டு முறை தூக்கி எறியப்பட்டவன் அவன் ஒருவன்தான். ஆகவே விஞ்ஞானம் எல்லாம் அவன் பொறுப்பு.

அந்த ஊரில் செல்போன் சிக்னல் கிடைப்பது ஒரே இடத்தில். வெள்ளியங்கிரி வீட்டுக்குப் பின்னால் இருக்கும் குடிதண்ணீர்த் தொட்டியின் உச்சியில். நாட்ராயன் வெள்ளியங்கிரியின் போனோடு தொட்டி மேல் ஏறிக் கார் கம்பெனியைக் கூப்பிட்டான்.

"உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது" என்றது ஒரு பெண் குரல்.

"எங்களுக்குமுங்க" என்றான் நாட்ராயன்.

அந்தக் குரல் அதையே திரும்பத் திரும்பச் சொன்னது. இவனும் ஒவ்வொரு முறையும் மரியாதையாகப் பதில் சொன்னான். இவ்வளவு அன்பான கம்பெனியை அவன் பார்த்ததே இல்லை. கடைசியில் நிஜமான ஒரு பெண் வந்து என்ன குறை என்று கேட்டாள். கேட்டுவிட்டு ஒரு யோசனை சொன்னாள். நாட்ராயன் கீழே பார்த்துக் கத்தினான்.

"ஏனுங்ணா, வண்டிக்கு மேல கூரை இருக்கக்கூடாதாமுங்க. வானம் தெரியோணுமாமுங்க."

கார் கொட்டகைக்குள் நின்றது. மேலே தகரக் கூரை. காரை வெளியே எடுக்கலாமா என்று சென்னியப்பன் கேட்டார்.

"சிவப்புல எப்படிங் பங்காளி எடுக்கறது?" என்றார் வெள்ளியங்கிரி.

அதுவும் சரிதான். இருவரும் ஏணி போட்டு ஏறிக் கூரையைப் பிரித்தார்கள். போன மாசிதான் புதுத் தகரம் போட்டிருந்தது. எல்லாத் தகரத்தையும் கழற்றிக் கீழே வைத்து முடித்தபோது வெயில் ஒரு முழம் ஏறியிருந்தது. வானம் தெரிந்தது. திரையில் சிவப்பும் தெரிந்தது.

"காருக்குன்னு ஒரு கூரை இருக்குதுங்களே, அதையும் எடுக்கோணுமா?" என்று கேட்டார் சென்னியப்பன்.

வெள்ளியங்கிரி காரைச் சுற்றி வந்து தட்டிப் பார்த்தார். "அது கம்பெனிக் கூரை. அவிய போட்ட கூரையை அவியளே வேண்டாம்பாங்களா?" என்றார். கார் தப்பித்தது.

தொட்டி மேலிருந்து அடுத்த யோசனை வந்தது. "போனுக்கும் வண்டிக்கும் நடுவுல எதுவும் இருக்கக்கூடாதாமுங்க."

நாட்ராயன் போனை இறக்கிக்கொண்டுவந்து காருக்கு எதிரே ஒரு முக்காலியில் வைத்தான். நடுவில் மேய்ந்த கோழிகளை விரட்டினார்கள். கிடந்த வைக்கோலைக் கூட்டினார்கள். எல்லாம் சுத்தமான பிறகு சென்னியப்பன் தாடையைத் தடவினார்.

"காத்து இருக்குதே" என்றார்.

"காத்தெல்லாம் ஒரு பொருளுங்களா?" என்றான் நாட்ராயன்.

"பொருள் இல்லாமலா சிப்ஸ் பொட்டலத்துல அத்தனையும் காத்தா அடைச்சுக் காசு வாங்கறான்?"

நாட்ராயனின் விஞ்ஞானம் அங்கே கொஞ்சம் ஆடிப்போயிற்று. மூவரும் போனுக்கும் காருக்கும் நடுவே நின்று முறத்தால் காற்றை அப்புறப்படுத்தினார்கள். விசிற விசிற இன்னும் காற்று வந்துகொண்டே இருந்தது. காற்று போகாவிட்டாலும் வேர்வை அடங்கியது. சிவப்பு மட்டும் அப்படியே இருந்தது.

நாட்ராயன் மறுபடி தொட்டியில் ஏறினான். இந்த முறை அவன் முகம் கவலையாக இருந்தது.

"வண்டி இந்தப் போனை மறக்கோணுமாமுங்க. போனும் வண்டிய மறக்கோணுமாமுங்க. பொறவு புதுசா அறிமுகம் பண்ணி வெச்சாச் சேந்துக்குமாமுங்க."

கீழே இருவரும் காரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"மறக்கறதுக்கு எத்தனை நாளாகுமுங்க?" என்று மெதுவாகக் கேட்டார் சென்னியப்பன்.

"என்ற தங்கச்சி மூணு வருசமா மறக்கலீங் பங்காளி" என்றார் வெள்ளியங்கிரி. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மனுசனுக்குத்தானுங்க மூணு வருசம். மெசினுக்குச் சித்த நேரம் போதும்" என்று தொட்டி மேலிருந்து தைரியம் சொன்னான் நாட்ராயன்.

போனைக் காரின் கண்ணில் படாமல் கொண்டுபோய் அரிசி டின்னில் போட்டு மூடினார்கள். காரின் முன்கண்ணாடிக்கு ஒரு வேட்டியைத் திரையாகக் கட்டினார்கள். போனின் பேச்சை யாரும் காருக்குப் பக்கத்தில் எடுக்கக்கூடாது என்று முடிவாயிற்று. காருக்கு உதவியாக இருக்கட்டும் என்று மூவரும் தாங்களும் மறக்க முயன்றார்கள். கண்ணை மூடிக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, மனதில் இருந்ததை எல்லாம் ஒவ்வொன்றாக வெளியேற்றினார்கள். இதில் சென்னியப்பன் நன்றாகவே தேறிவிட்டார். பின்னால் அதற்கு ஒரு பலன் கிடைத்தது.

பிறகு தாம்பூலத் தட்டில் போனை வைத்துக் கொண்டுவந்து வேட்டியை விலக்கினார்கள். "இதுதானுங்க வெள்ளியங்கிரி அண்ணனோட போன், நல்ல மாதிரி" என்று காரிடம் சொன்னான் நாட்ராயன். "இதுதானுங்க வண்டி, நல்ல எடத்து வண்டி" என்று போனிடம் சொன்னான். இரண்டும் கூச்சப்பட்டதோ என்னவோ, ஒன்றும் நடக்கவில்லை.

வெயில் நெற்றிக்கு வந்துகொண்டிருந்தது. அடுத்த யோசனை, எல்லாவற்றையும் ஆரம்பத்திலிருந்து ஒருமுறை செய்து பார்க்க வேண்டும் என்பது. கார் வாங்கிய அன்று ஆரம்பத்தில் செய்தது பூஜை. ஆகவே மறுபடி சந்தனம், குங்குமம், மாலை, சூடம். கடைசியில் எலுமிச்சம்பழத்தின் மேல் டயர் ஏற வேண்டும். சிவப்பில் டயர் எப்படி ஏறும். வெள்ளியங்கிரி ரொம்ப நேரம் யோசித்து, "டயரு பழத்து மேல ஏறினா என்ன, பழம் டயரு மேல ஏறினா என்ன" என்று சொல்லி, பழங்களை எடுத்து டயர் டயராக அடித்து நசுக்கினார். ஒரு விதை தெறித்து அவர் கண்ணுக்குள் போனது. அதோடு அந்த யோசனையும் முடிந்தது.

கம்பெனிப் பெண்ணுக்கும் சலிப்பு வந்திருக்க வேண்டும். "சார், உங்க ஊர்ல நெட்வொர்க்கே இல்லைன்னு நினைக்கிறேன். பக்கத்துல டவர் எங்க இருக்கோ அங்க வண்டியைக் கொண்டு போங்க. இணைப்பு வர்ற வரைக்கும் வண்டியை விட்டு எறங்காதீங்க" என்றாள். போனை வைக்கும் முன், தன் சேவைக்கு அஞ்சுக்கு எத்தனை மதிப்பெண் கொடுப்பீர்கள் என்று கேட்டாள். இவ்வளவு நேரம் கோபப்படாமல் பேசிய பெண் என்று நாட்ராயன் அஞ்சும் கொடுத்தான். உடனே போனில் ஒரு செய்தி வந்தது: 'உங்கள் பிரச்சினை தீர்க்கப்பட்டது. நன்றி.'

அவன் இறங்கி வந்து அவள் சொன்னதைச் சொல்லி, செய்தியையும் காட்டினான். மூவரும் போனைப் பார்த்தார்கள். பிறகு சிவப்பைப் பார்த்தார்கள்.

"கம்பெனி தீந்துருச்சுங்குது, வண்டி தீரலைங்குது. யாரை நம்பறதுங்?" என்றார் வெள்ளியங்கிரி.

"கம்பெனி பெருசா, வண்டி பெருசா?" என்றார் சென்னியப்பன்.

"கம்பெனிதான் பெருசு."

"அப்ப பிரச்சினை தீந்துருச்சு. வண்டிக்கு இன்னும் தகவல் வரலை, அவ்வளவுதான். டவருக்குப் பக்கத்துல போனா வந்துரும்."

டவர் இருப்பது எங்கே என்றால், சுற்றுவட்டாரத்துக்கே ஒன்றுதான், கரட்டுமேட்டுச் செல்லாண்டியம்மன் கோயிலுக்குப் பின்னால். வெள்ளியங்கிரி தலையில் கை வைத்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டார். கோயிலுக்குப் போக இணைப்பு வேண்டும். இணைப்புக்குக் கோயிலுக்குப் போக வேண்டும். அங்கே தங்கை உச்சிப் பொழுதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

சென்னியப்பன் அவர் தோளைத் தட்டி, "எந்திரிங் பங்காளி. என்ற டிராக்டர்ல கட்டி இழுத்துப்போடலாம்" என்றார்.

"இழுத்துட்டுப் போறது பயணம் ஆகாதுங்களா?"

"பயணம்னா நாம போறது. இது நம்மளைக் கொண்டுபோறது."

டிராக்டர் வந்தது. வடக்கயிற்றால் காரைக் கட்டினார்கள். சென்னியப்பன் டிராக்டரை ஓட்ட, வெள்ளியங்கிரி காரின் ஸ்டியரிங்கைப் பிடிக்க, நாட்ராயன் போனை ஏந்திக்கொண்டு பக்கத்தில் உட்கார, பின்னால் மயிலாத்தா ஏசியில் கண்ணயர, ஊர்வலம் புறப்பட்டது. டிராக்டரிலேயே ஏறிப் போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். ஒத்தப்பனைப்புதூரில் யாரும் கேட்கவில்லை.

பாதி வழியில் டிராக்டர் இருமியது. அப்புறம் நின்றுவிட்டது. டீசல் இல்லை. காலையில் டீசல் ஊற்ற வேண்டும் என்று சென்னியப்பன் நினைத்துத்தான் இருந்தார். காருக்கு உதவியாக எல்லாவற்றையும் மறந்தபோது அதுவும் சேர்ந்து போய்விட்டது.

சுற்றிலும் சோளக்காடு. ஒரு வண்டி வாகனம் கிடையாது. மனிதர்களின் நிழல் காலடிக்குள் சுருண்டுகொண்டிருந்தது. வெள்ளியங்கிரி ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். "இந்தத் தடவையும் போச்சு. என்ற தங்கச்சி இனி என்ற மூஞ்சியில முழிக்க மாட்டா" என்றார். சொன்னதைக் கேட்டு மயிலாத்தா விழித்துக்கொண்டு அவளும் அழுதாள். நாட்ராயனுக்கும் கண் கலங்கிவிட்டது.

கலங்கிய கண்ணோடுதான் அவனுக்கு அது தோன்றியது.

"ஏனுங்ணா, அந்த ஷோரூம் பையன் என்னன்னு சொன்னானுங்க?"

"இணைப்பு இல்லாம பயணம் கெளம்பாதீங்கன்னான்."

"டிராக்டரை இழுக்காதீங்கன்னு சொன்னானுங்களா?"

வெள்ளியங்கிரி நிமிர்ந்தார். ரொம்ப நேரம் ஞாபகப்படுத்திப் பார்த்தார். "அப்பிடி ஒண்ணும் சொல்லலையே" என்றார்.

"அப்ப இழுக்கலாமுங்க. இது பயணம் இல்லீங்க, சோலி."

காரை முன்னால் தள்ளி, டிராக்டரைப் பின்னால் கட்டினார்கள். டிராக்டரை ஓட்ட ஆள் வேண்டும் அல்லவா, சென்னியப்பன் அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார். வெள்ளியங்கிரி பெடலை அழுத்தினார். கார் ஒரு சத்தமும் இல்லாமல் டிராக்டரை இழுத்துக்கொண்டு கரட்டுமேட்டில் ஏறியது. வழி நெடுக நான்கு பேரும் ஒரே கவலையாக வந்தார்கள். இந்தக் கார் மட்டும் ஓடுகிற நிலையில் இருந்திருந்தால் எவ்வளவு சீக்கிரம் போயிருக்கலாம் என்று மயிலாத்தா சொல்லிச் சொல்லி வருந்தினாள்.

கோயிலில் பூங்கொடியின் புருஷன் குழந்தையை மடியில் வைத்துச் சம்மணம் போட்டிருந்தார். காது குத்தும் பத்தர் கம்பியைக் கையில் எடுத்துவிட்டார். அந்த நேரத்தில் ஒரு புதுக்கார் ஒரு டிராக்டரோடு வந்து நின்றது.

"அம்மிணி" என்று ஜன்னல் வழியாகக் கூப்பிட்டார் வெள்ளியங்கிரி. "நானு வண்டிய உட்டு எறங்கக்கூடாதாம். கொழந்தைய இங்க கொண்டா."

பூங்கொடி வாயே திறக்கவில்லை. ஆனால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து, கார்க் கதவைத் திறந்து, அண்ணன் மடியில் உட்கார வைத்தாள். பத்தர் குனிந்து ஒரு காதைக் குத்தினார். குழந்தை வீறிட்டது. வெள்ளியங்கிரி அதைவிட அதிகமாக அழுதார்.

"அழுகாதீங்கண்ணா" என்றாள் பூங்கொடி. மூன்று வருடத்துக்குப் பிறகு வந்த முதல் பேச்சு. அவளும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துத் திரையில் மணி அடித்தது. பச்சை எரிந்தது. 'இணைப்பு கிடைத்தது. இனி உங்கள் பயணத்தைத் தொடங்கலாம்.'

பத்தர் அடுத்த காதைப் பிடித்தார். "சித்த இருங்க" என்றார் வெள்ளியங்கிரி. அவர் முகம் மாறியிருந்தது. திரையை இரண்டாம் முறை படித்தார். "தொடங்கலாம்னா, இன்னும் தொடங்கலைன்னுதானே அர்த்தம்?"

"ஆமாங்க" என்றான் நாட்ராயன்.

"ஊட்டுல இருந்து கெளம்பவே இல்லைன்னா, நாம இங்க வந்ததா ஆகுமா?"

சென்னியப்பன் டிராக்டரில் இருந்து இறங்கி வந்து கலந்துகொண்டார். மூவரும் பேசிப் பார்த்தார்கள். எப்படிப் பார்த்தாலும் ஆகாது என்றே வந்தது.

வெள்ளியங்கிரி குழந்தைக்கு ஒரு முத்தம் கொடுத்துத் தங்கையிடம் நீட்டினார். "அம்மிணி, போன தடவைதான் கண்ட பஸ்ஸுல ஏறி முறைகேடா வந்தேன். இந்தத் தடவையும் அப்பிடி வேண்டாம். ஊட்டுக்குப் போயி முறையாக் கெளம்பி வந்தர்றேன்."

வேறு ஊர்ப் பெண்ணாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாளோ தெரியாது. பூங்கொடி ஒத்தப்பனைப்புதூரில் பிறந்தவள். அண்ணன் தன் மேல் வைத்திருக்கும் மரியாதையை நினைத்து அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

"முறையா வாங்கண்ணா" என்றாள். "நீங்க வர்ற வரைக்கும் இந்தக் காதை ஒருத்தரையும் தொட உடமாட்டேன்."

டிராக்டரை அவிழ்த்துக் கோயிலிலேயே விட்டுவிட்டு, பச்சை எரிய எரிய எல்லோரும் காரில் கிளம்பினார்கள். பாதி வழியில் திரை சிவந்தது. கிளம்பிய பிறகு சிவந்தால் என்ன செய்வது என்று பையன் எதுவும் சொல்லாததால் யாரும் கவலைப்படவில்லை. கூரையில்லாத கொட்டகைக்குள் கொண்டுபோய் நிறுத்தி, கோயில் இருக்கும் திசைக்குக் காரைத் திருப்பி, பயபக்தியோடு திரையைப் பார்த்தார்கள். சிவப்பு. டிராக்டரோ கோயிலில் நிற்கிறது. அதை எடுத்துவர வேண்டும் என்றால் காரில்தான் போக வேண்டும்.

பூங்கொடியின் மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். ஒரு காதில் மட்டும் தோடு. ஏன் இன்னொரு காது வெறுமையாக இருக்கிறது என்று யாராவது கேட்டால் பூங்கொடிக்கு முகமெல்லாம் பெருமை பொங்கும்.

"அவ மாமன் வந்துட்டு இருக்காருங்க" என்பாள். "பஸ்ஸுல இல்லீங்க, கார்ல."